சம்பந்தி நிறுத்திய பக்கம்

நான் பெரிய படிப்பாளி இல்லை. சலூனில் கூட்டமாக இருந்தால் வார இதழ் புரட்டுவேன். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் பேப்பரைப் பிரித்தால், அவர் படிக்காத தாளை உரிமையோடு வாங்கிக்கொள்வேன். பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தையும் எண்ணெய் படாத இடம் வரை விடமாட்டேன். என் வாசிப்பு மொத்தமும் அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட என் போனில் ஈ-புக் சந்தா வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காக நாவலூர் புகுந்த வீட்டிலிருந்து கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் முழுக்கப் படுத்தே இருந்ததில் பொழுது போகவில்லை. அவளிடம் ஏற்கெனவே ஒரு சந்தா இருந்தது. அதை என் போனிலும் போட்டுக் கொடுத்தாள்.

"எவ்வளவு வேணா படிக்கலாம்பா. ட்ரெயின்ல மத்தவங்க போன்ல ஓடற வீடியோவுக்கெல்லாம் கோபப்பட்டுக்கிட்டே போறீங்க இல்ல, அதுக்குப் பதிலா இதைப் படிங்க."

எவ்வளவு வேண்டுமானாலும் என்று சொன்னால் நம்மவர்களுக்கு என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று மாலையே எடுக்க ஆரம்பித்துவிட்டேன். சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒன்று. மாடித்தோட்டம் பற்றி ஒன்று. எங்கள் மாடி வீட்டு ஓனருடையது, அங்கே துணி காயப்போடவே அனுமதி கேட்க வேண்டும். பங்குச்சந்தை, சோழர் வரலாறு, துவையல் வகைகள், முதுகுவலி. கோபத்தை அடக்குவது எப்படி என்று ஒன்று. அதை என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று எடுக்க வைத்தாள். பதினோராவது புத்தகத்தைத் தொட்டதும், பத்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று திரையில் வந்தது.

"எவ்வளவு வேணாலும்னு சொன்னே?" என்று மகளிடம் சண்டைக்குப் போனேன்.

"ஒரே நேரத்துல பத்துப்பா. படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துட்டு அடுத்தது எடுக்கணும்."

நான் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. பத்திலும் முதல் பக்கம் மட்டும் படித்தேன். பத்து ஆசிரியர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணமே போதுமான திருப்தியைத் தந்தது.

ஒரு நாள் காலை, வேலைக்குப் போகும் வழியில், வண்டி குரோம்பேட்டையில் நிற்கும்போது போனைத் திறந்தேன். கோபத்தை அடக்கும் புத்தகத்தைக் காணோம். அந்த இடத்தில் நான் எடுக்கவே எடுக்காத ஒரு கொலை நாவல் இருந்தது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். காசை வாங்கிக்கொண்டு புத்தகத்தைப் பிடுங்குகிறான் என்று கிண்டி வரை பொருமிக்கொண்டே போனேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளிடம் முறையிட்டேன். அவள் சிரித்தாள்.

"மாமா எடுத்திருப்பார்பா. அவர் டேப்லட்லயும் இதே அக்கவுண்ட்தான். அங்க இருந்தப்போ நான்தான் போட்டுக் கொடுத்தேன்."

மாமா என்றால் அவளுடைய மாமனார். என் சம்பந்தி. வளைகாப்பு நாளிலிருந்து அவரும் நானும் பேசிக்கொள்வதில்லை.

நடந்தது இதுதான். சேலையூரில் ஒரு சின்ன மண்டபத்தில் வளைகாப்பு வைத்திருந்தோம். முதல் பந்திக்கு சம்பந்தியைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் இலை முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பந்தி ஆரம்பிக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரன் சாவியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தான். நான் அவனைத் தேடி வாசலுக்கு ஓடினேன். போகிற போக்கில், தூண் பக்கம் நின்ற சம்பந்தியைப் பார்த்து, சாப்பிட வாங்க என்று கையைக் காட்டிவிட்டுத்தான் போனேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார். முதல் பந்தி முடிந்து, இரண்டாவதும் முடிந்து, மூன்றாவதில் யாரோ அவரை உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்குள் பாயசம் தீர்ந்துவிட்டது.

"ஆட்டோவைக் கூப்பிடற மாதிரி கையைக் காட்டினார்" என்று அவர் தன் மகனிடம் சொல்ல, மாப்பிள்ளை என் மகளிடம் சொல்ல, அவள் தன் அம்மாவிடம் சொல்ல, அது எனக்கு வந்து சேர்ந்தது. அவர் மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், எதுவும் முறைப்படி நடக்க வேண்டும் அவருக்கு. கரண்ட் போனதற்கு நியாயமாக அவர் துறைதான் பதில் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னேன். அதுவும் அதே வழியில் திரும்பிப் போய் அவரிடம் சேர்ந்தது. அதோடு பேச்சு நின்றது.

இப்போது அந்த மனிதர் என் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

"பத்துல கோபத்தை அடக்கற புக்குதான் அவர் கண்ணுல பட்டுதா?"

"இடம் வேணும்னு ஏதோ ஒண்ணைத் திருப்பியிருப்பார்பா. அது உங்களோடதுன்னு அவருக்குத் தெரியவே தெரியாது."

"தெரிஞ்சுதான் செஞ்சிருக்கார்."

மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "குழந்தை பொறந்ததும் ரெண்டு தாத்தாவும் ஆஸ்பத்திரியில ஆளுக்கொரு மூலையில நிக்கப் போறீங்களா? தொட்டில் போடற அன்னிக்கு அவர் வந்தா நீங்க மொட்டை மாடிக்குப் போயிடுவீங்களா? இங்க சொன்னதை அங்க, அங்க சொன்னதை இங்கன்னு என்னால இனிமே கொண்டுபோக முடியாது. குழந்தை வர்றதுக்குள்ள பேசிடுங்கப்பா."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயில் வந்தது வேறு. "அவர் முதல்ல பேசட்டும், நான் பேசறேன்" என்றேன். உள்ளே பாத்திரம் கொஞ்சம் பலமாகவே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அது என் மனைவியின் கருத்து.

அப்படி என்னதான் படிக்கிறார் பார்ப்போம் என்று மறுநாள் ரயிலில் அந்தக் கொலை நாவலைத் திறந்தேன். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட். முதலாளி பூட்டிய அறைக்குள் செத்துக் கிடக்கிறார். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள். பரங்கிமலை வந்தபோது நான் ஏற்காட்டில் இருந்தேன். கிண்டியில் இறங்க மறந்து சைதாப்பேட்டைக்குப் போய்த் திரும்பி வந்தேன். படிப்பால் எனக்கு ஏற்பட்ட முதல் நஷ்டம் அது.

இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தைத் திறந்ததும் திரை ஒரு கேள்வி கேட்டது. வேறொரு கருவியில் இதைவிட முன்னால் போயிருக்கிறீர்கள், அங்கே போகலாமா என்று. மரியாதையாகக் கேட்கிறதே என்று சரி சொன்னேன். பக்கம் குதித்தது. முந்தின நாள் வரை காபி கலந்துகொண்டிருந்த சமையல்காரன் கிணற்றில் மிதந்தான்.

"இன்னா சார் இது?" என்று பக்கத்தில் ஒரு குரல். வழக்கமாக என் அருகில் உட்கார்ந்து வருகிற ஒருவர். பல்லாவரத்தில் ஏறுவார். இத்தனை நாளும் என் தோள் வழியாக அவரும் படித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. "சமையக்காரன் நேத்து நல்லாத்தானே இருந்தான்? எப்ப செத்தான்? நடுவுல வுட்டுட்டுப் போறீங்களே, பின்னால தள்ளுங்க சார்."

பின்னால் தள்ளினேன். முன்னால் போனது சம்பந்தி. கடைசியாக அவர் எந்தப் பக்கத்தில் மூடினாரோ அங்கே போகலாமா என்று என் போன் கேட்கிறது. நான் மூடிய இடத்துக்குப் போகலாமா என்று அவருடைய டேப் கேட்கும். முதுகுவலியும் சர்க்கரையும் எடுத்து வைத்திருக்கிற அந்த இன்னொரு ஆள் யார் என்று அவருக்கும் இந்நேரம் புரிந்திருக்க வேண்டும்.

அவ்வளவுதான், எனக்கு வீம்பு வந்துவிட்டது. மதியம் சாப்பிட்டுக்கொண்டே படித்தேன், லிஃப்டுக்காக நிற்கும்போது படித்தேன், மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு படித்தேன். ஆனால் வீட்டில் சும்மா இருக்கிற மனிதரோடு வேலைக்குப் போகிறவன் எப்படிப் போட்டி போடுவது? நான் ஒரு அத்தியாயம் முன்னால் போனால், சாயங்காலத்துக்குள் அவர் இரண்டு போயிருப்பார். ஒருநாள் எரிச்சலில், கடைசிப் பக்கத்துக்கே போய்ப் புத்தகத்தை மூடிவிட்டால் என்ன என்று தோன்றியது. அவர் டேபைத் திறந்து, என்னைப் போல யோசிக்காமல் சரி சொன்னால், கொலைகாரன் பெயர் முகத்தில் அறையும். பாயசக் கணக்கு தீர்ந்துவிடும். விரல் அந்த இடம் வரை போனது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இதையே அவரும் எனக்குச் செய்திருக்கலாமே? நாள் முழுக்க நேரம் இருக்கிறது அவருக்கு. செய்யவில்லை. விரலை எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு போட்டி எப்படியோ தணிந்துவிட்டது. காலையில் போனைத் திறந்து, சம்பந்தி எங்கே இருக்கிறார் என்று பார்ப்பது மட்டும் பழக்கமாகிவிட்டது. காலை காபிக்குப் பிறகு ஒரு அத்தியாயம். மதியம் ஒன்றும் நகராது, தூங்குகிறார். சாயங்காலம் வேகம் பிடிப்பார். நேரில் ஒரு வார்த்தை பேசாமல், அந்த மனிதர் எப்போது எழுகிறார், எப்போது படுக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

திடீரென்று ஒருநாள் பக்கம் நின்றுவிட்டது.

அது எந்த இடம் என்றால், துப்பறிகிறவர் எல்லோரையும் ஹாலுக்கு வரச்சொல்லி, கதவைச் சாத்தி, கொலைகாரன் இந்த அறையில்தான் இருக்கிறான் என்று சொல்லும் இடம். அதற்கு அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் எவனாவது இருப்பானா? சம்பந்தி இருந்தார். மறுநாளும் அதே பக்கம். அதற்கு மறுநாளும் அதே. நான் மெதுவாகப் படித்து அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். அவர் அங்கேயே இருந்தார். எனக்கும் அதற்கு மேல் போக மனம் வரவில்லை.

"இன்னா சார், நின்னுட்டீங்க?" என்றார் பல்லாவரத்துக்காரர். "பேஜாரா கீது சார், திருப்புங்க."

"இருங்க, ஒருத்தர் வரணும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சம்பந்திக்கு ரத்த அழுத்தம் உண்டு. மனைவி தவறிச் சில வருடங்கள் ஆகின்றன. மருமகள் இங்கே எங்கள் வீட்டில். மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக அந்த வாரம் பெங்களூர் போயிருந்தார். அடுக்குமாடி வீட்டில் தனி ஆள். மகளிடம் சொன்னால் இந்த நிலையில் பயந்துவிடுவாள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அப்பா எப்படி இருக்கார் என்று கேட்கத்தான் போட்டேன். இத்தனை வாரமாகக் கேட்காததை இன்று கேட்டால் என்ன நினைப்பாரோ என்று, "அங்க மழையா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை, லீவு நாள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு சம்பந்திக்கே போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. அதற்கு மேல் வீட்டில் உட்கார முடியவில்லை. பேங்க் வரைக்கும் போயிட்டு வரேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிற பஸ் அன்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நிதானமாக எல்லோரையும் குசலம் விசாரித்துக்கொண்டு போனது. மேடவாக்கத்தில் நெரிசல். பாத்ரூமில் வழுக்கி விழுந்திருப்பாரோ, கதவை உடைக்க வேண்டியிருக்குமோ, மகளிடம் எப்படிச் சொல்வது என்றெல்லாம் மனம் ஓடியது. ஒரு பாயசத்துக்காக இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோமே என்று என் மேலேயே வெறுப்பாக வந்தது. சோழிங்கநல்லூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து நாவலூர் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார். வீட்டு எண்ணைச் சொன்னேன். இண்டர்காமை எடுத்துக்கொண்டு, "யாரு வந்துகிறதா சொல்லட்டும் சார்?" என்று கேட்டார்.

"சம்பந்தின்னு சொல்லுங்க."

அவர் இண்டர்காமில், "சார், உங்க சம்பந்தின்னு ஒருத்தர் வந்து நிக்கிறார். வுடலாமா?" என்றார். பதில் வருவதற்கு வெகு நேரமானது. "வுட சொல்றார்" என்று கேட்டைத் திறந்தபோது, உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதியில் அந்த செக்யூரிட்டியைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. லிஃப்டில் ஏறியபோது அந்த நிம்மதி கோபமாக மாறிவிட்டது. நான் அப்படித்தான்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வேட்டி, பனியன், நெற்றியில் விபூதி. ஒரு குறையும் இல்லை. கையில் டேப்.

"வாங்க" என்றார்.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். நீங்க?"

"இருக்கேன்."

உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்து முடித்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"போனை ஏன் சம்பந்தி எடுக்கலை?"

"உங்க பேரைப் பார்த்ததும், எடுத்தா முதல்ல என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். அதுக்குள்ள கட் ஆயிடுச்சு."

"சரி, அதை விடுங்க. படிக்கிறதை ஏன் நிறுத்தினீங்க? அந்த இடத்துல போய் யாராவது நிறுத்துவாங்களா? நான் பயந்தே போயிட்டேன்!"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்க பின்னால வந்துகிட்டிருந்தீங்க. நான் மேல போனா உங்க போன்லயும் குதிச்சிடுது. கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் உங்களுக்கு என்ன இருக்கு? அதான், நீங்க வந்து சேரட்டும்னு இருந்தேன்."

"நான் வந்து சேர்ந்து எத்தனை நாள் ஆச்சு!"

"பார்த்தேன். வந்தீங்க, நீங்களும் நின்னுட்டீங்க. சரி, ஏதோ வேலை போலிருக்குன்னு நினைச்சேன்."

அவர் மேஜைத் துணியின் மடிப்பை நீவிக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கும் அப்படித்தான். முதல் பந்தி எல்லாம் எனக்குப் பெரிசு இல்ல சம்பந்தி. அவ போனதுக்கப்புறம் விசேஷ வீட்டுல தனியா இலை முன்னால உட்காரவே முடியலை. சுத்தி எல்லாரும் ஜோடியா உட்கார்ந்திருக்காங்க. நீங்க வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து உட்காரலாம்னு தூண் பக்கம் நின்னுகிட்டிருந்தேன். நீங்க வரவே இல்லை."

நான் பாயசத்தை நினைத்துக்கொண்டிருந்தேன், மரியாதையை நினைத்துக்கொண்டிருந்தேன், மின்வாரியத்தைக்கூட விடவில்லை. இந்த மனிதர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடக் காத்திருந்தார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. "நான் கடைசிப் பந்தியில சமையல்காரங்களோட உட்கார்ந்து சாப்பிட்டேன் சம்பந்தி. எனக்கும் பாயசம் இல்லை" என்று சொன்னேன். வேறு எதையாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அதைக் கேட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"மருமகளைப் பார்க்கணும் போல இருக்கு. நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

"இதென்ன கேள்வி, சட்டையைப் போடுங்க" என்று அதட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் சோழிங்கநல்லூரிலேயே உட்கார இடம் கிடைத்தது. அவர் டேபை இருவர் மடிக்கும் நடுவில் வைத்தார். கண்ணாடி போட்டும் நான் மெதுவாகத்தான் படிப்பேன். அவர் பக்கத்தை முடித்துவிட்டு, விரலை ஓரத்தில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டியதும் திருப்புவார். பெரும்பாக்கம் தாண்டும்போது கொலைகாரன் பிடிபட்டான். அந்த ஆளை நானும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. கொலைக்குக் காரணமான உயிலை எஸ்டேட் முதலாளி எழுதியது சரியா தவறா என்று கேம்ப் ரோடு வரை வாக்குவாதம். முன் சீட்டுப் பெண்மணி இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்.

தெருவில் நாங்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே வருவது வீட்டுக்குள் கேட்டிருக்க வேண்டும். மகள் வாசலுக்கு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பொலபொலவென்று கண்ணீர்தான் வந்தது. எங்கள் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "அழாதேம்மா, இந்த நேரத்துல அழக்கூடாது" என்று அவர் சொன்னார். நானும் அதையே இன்னொரு முறை சொன்னேன்.

"சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்குது. திரும்பவும் சண்டை போடறீங்களா?" என்று அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"போடுவோம்மா, போடாம எப்படி?" என்றார் சம்பந்தி. "இனிமே பேசிக்கிட்டேதான் போடுவோம்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பைக் கேட்டு, என்னவோ ஏதோவென்று என் மனைவி கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள்.